நகரத்தில் தங்கி மலையில் சறுக்க: இன்ஸ்புருக்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் ஒரே பயணத்தில் ஒரு பழைய நகரத்தையும் பார்த்து, பனிச்சறுக்கும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நானும் மனைவியும் பல வருடம் பேசிக்கொண்டிருந்தோம். முதல் முயற்சியில் ஆல்ப்ஸ் மலைக்குள் ஒரு சிறிய கிராமத்தில் ஆறு இரவுக்கு விடுதிப் பணத்தை முன்கூட்டியே கட்டினோம். ஆறு நாளுக்குச் சறுக்குப் பாஸும், அதாவது மலைமேல் ஏற்றிவிடும் இழுவைகளுக்கான சீட்டும், வாங்கினோம். இரண்டு நாள் காற்றடித்து இழுவைகளை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் என் முழங்கால் மடங்க மறுத்தது. கிராமத்தில் ஒரு மளிகைக்கடை, ஒரு தேவாலயம், மூன்று மதுக்கடைகள். மகள் விடுதி ஜன்னல் அருகே உட்கார்ந்து பனி விழுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டிய பணத்தில் பாதி அப்படியே போனது.

இரண்டாவது முறை ஆஸ்திரியாவில் உள்ள இன்ஸ்புருக் நகரத்தில் தங்கினோம். எல்லாம் மாறிப்போனது. முதல் பயணத்தில் பட்டதையும் இரண்டாம் பயணத்தில் திருத்திக்கொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். சென்னையிலிருந்து கிளம்புகிற, பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டியே பார்க்காத ஒருவரை மனதில் வைத்து எழுதியது இது.

1. தேதியை முதலில் பிடியுங்கள்

நம்மில் பலர் அரையாண்டு விடுமுறையைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறோம். அதுதான் முதல் பொறி. டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரை ஆல்ப்ஸ் முழுவதும் கூட்டம் நெரியும். அறை வாடகை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிப்ரவரியிலும் இதே கதைதான். ஆஸ்திரிய, ஜெர்மானியப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறைகள் அந்த மாதத்தில் அடுத்தடுத்து வரும். பயிற்சி வகுப்பில் இடம் கிடைப்பதுகூடக் கடினமாகிவிடும்.

இடையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஜனவரி 7 தொடங்கி அந்த மாதக் கடைசி வரை உள்ள நாள்களை உள்ளூர்க்காரர்கள் 'ஜனவரி ஓட்டை' என்றே சொல்வார்கள்: பனி நன்றாக இருக்கும், ஆள் குறைவு, அறை மலிவு. நம் பொங்கல் விடுமுறை சரியாக இதற்குள் விழுகிறது. மூன்று நான்கு நாள் விடுப்பு கூட்டினால் ஒன்பது நாள் கிடைத்துவிடும். பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்பே பேசி அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அது விசாவுக்கும் வேண்டும்.

கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்க ஆசை என்றால் டிசம்பர் முதல் இரண்டு வாரம். ஆனால் அப்போது தாழ்ந்த மலைகளில் பனி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஷ்டுபாய் பனியாறு போல உயரமான இடத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று: பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களன்று தொடங்கும். புதன்கிழமை போய் இறங்கினால் முந்தைய குழு பாதி கற்றுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை போய்ச் சேரும்படி வெள்ளி இரவு சென்னையை விட்டுக் கிளம்புங்கள்.

2. தங்குமிடம் நகரத்தில், சறுக்கு மலையில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்கிறவர் நாள் முழுவதும் சறுக்க மாட்டார். மூன்று மணி நேரத்தில் தொடை நடுங்கும். மீதிப் பொழுதுக்கு ஒரு நகரம் வேண்டும். இழுவை நிற்கும் நாளுக்கும் ஒரு நகரம் வேண்டும்.

இன்ஸ்புருக் 574 மீட்டர் உயரத்தில், இரண்டு பக்கமும் மலை சூழ்ந்த நகரம். நகர மையத்தில் காங்கிரஸ் நிலையத்தில் ஏறினால், ஹுங்கர்புர்க் ரயிலும் அதன்பின் கேபிள் காரும் மாறி, சுமார் 20 நிமிடத்தில் 2,256 மீட்டர் உயர ஹாஃபெலேகாரில் நிற்கலாம். காலையில் பனி, மாலையில் பழைய நகரத் தெருவில் காபி. இடையில் பெட்டி கட்ட வேண்டியதில்லை, விடுதி மாற வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நகரத்துக்கு மேலே தெரியும் அந்த நோர்ட்கெட்டே மலை கற்றுக்கொள்வதற்கான இடம் அல்ல. செங்குத்தானது, தேர்ந்தவர்களுக்கானது. அதைச் சுற்றிப் பார்க்க மட்டும் போங்கள். கற்றுக்கொள்ள முட்டரர் ஆல்ம் நல்லது: பஸ்ஸில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம், சரிவுகள் மென்மை, குழந்தைகளை நின்றபடியே மேலே ஏற்றிவிடும் நகரும் கம்பளம் உண்டு. இக்ல்ஸ் என்ற ஊர்ப் பக்கம் உள்ள பாட்ஷர்கோஃபெலுக்கு நகரப் பஸ்ஸே போகிறது. இவை இரண்டும் தாழ்ந்த மலைகள். வெப்பமான குளிர்காலத்தில் அடிவாரத்தில் புல் தெரியும். செயற்கைப் பனியை நம்பித்தான் ஓட்டுவார்கள். பனி உறுதி வேண்டும் என்றால் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் க்யூதாய் கிராமம், சுமார் ஒரு மணி நேரம். ஷ்டுபாய் பனியாறு 3,000 மீட்டரைத் தாண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

விடுதியை ரயில் நிலையத்துக்கும் பழைய நகரத்துக்கும் நடுவில் பாருங்கள். சறுக்குப் பஸ்கள் நிலையத்துப் பக்கத்திலிருந்து கிளம்பும்; கனத்த உடையோடு அரை கிலோமீட்டர் நடப்பதே தண்டனை. பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டு இரவோ அதற்கு மேலோ தங்குகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் தரப்படும் வெல்கம் கார்டு உங்கள் விடுதியில் உண்டா? சுற்றுலா வரி வாடகையில் சேர்ந்ததா? முதலாவது கிடைத்தால் உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவு பெருமளவு மிச்சம். இரண்டாவது தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று கிளம்பும் நாளில் தனியாக வாங்கப்படும்.

3. எந்த நாட்டுக்கு விசா கேட்பது

இங்கே நானே தவறினேன். மியூனிக்கில் விமானம் இறங்குகிறது, ஆகவே ஜெர்மனி விசா என்று நினைத்து விண்ணப்பத்தை நிரப்பி முடித்துவிட்டேன். பயணத் திட்டத்தை மறுபடி எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டியது. இரண்டு நாட்டில் சம நாள் தங்கினால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு இன்ஸ்புருக்கில் ஏழு இரவு, மியூனிக்கில் ஒன்று. ஆகவே ஆஸ்திரியா.

இரவுகளைக் காகிதத்தில் எண்ணிவிட்டு விண்ணப்பத்தைத் தொடுங்கள். மூன்று இரவு மியூனிக், மூன்று இரவு இன்ஸ்புருக் என்று சமமாகப் பிரிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். வீண் கேள்விகள் வரும்.

4. ஆவணங்கள்: ஒரு வாரம் ஒதுக்குங்கள்

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை நீளலாம். ஜனவரிப் பயணத்துக்கு அக்டோபர் முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள். விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே சில சமயம் பல நாள் ஆகும். கைரேகையும் படமும் தர நேரில் போக வேண்டும். 12 வயதுக்குக் கீழே கைரேகை இல்லை. கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை தந்தவர்கள் அதை விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ. 6 வயது நிறைந்து 12 நிறையாதவருக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது.

பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளை அல்லது வெளிர் பின்னணி. நம் தெருமுனை ஸ்டுடியோவில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்று கேட்டால் வேறு அளவில் தந்துவிடலாம்; ஷெங்கன் என்று சொல்லிக் கேளுங்கள்.

பிறகு பண ஆதாரங்கள். மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம். வங்கி அறிக்கையைக் கைபேசியிலிருந்து இறக்கி அச்செடுத்துக்கொண்டு போகாதீர்கள். கிளைக்குப் போய் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் திடீரென்று ஒரு பெரிய தொகை கணக்கில் விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். வைப்புநிதி முடிந்து வந்த பணமானால் அந்த ரசீது. அண்ணன் அனுப்பியதானால் அவருடைய கடிதம்.

பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளி விடுப்புக் கடிதமும். பெற்றோர் இருவரின் கையெழுத்தும் விண்ணப்பத்தில் வேண்டும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதம்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். ஒருவருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், இன்னொருவருடையதில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். வங்கியில் 'கே.' என்று முன்னால், அலுவலகத்தில் 'கே' என்று பின்னால். விமானச் சீட்டு, காப்பீடு, விடுதிப் பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து இருக்கும்படியே போடுங்கள். கட்டம் காலியாக இருப்பவர்கள் விமான நிறுவனத்திடம் எப்படிப் பதிய வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுகிறது. வங்கியிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறுபட்டால் விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதி, ஆதார் நகலையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் கோப்பில் மனைவியின் விடுதிப் பதிவில் முதலெழுத்து மட்டும் இருந்ததால் அன்று முழுவதும் அலைந்து திருத்தினோம்.

விளக்கக் கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் நிறுத்துங்கள். கூடவே நாள்வாரித் திட்டம்: எந்தத் தேதி, எந்த ஊர், எந்த விடுதி, அன்று என்ன. சறுக்குப் பள்ளியின் பதிவுச் சீட்டை அதோடு வைத்தால் திட்டம் நம்பும்படி இருக்கும். விமானச் சீட்டை விசா வருவதற்கு முன் பணம் கட்டி உறுதிசெய்ய வேண்டாம். முன்பதிவுத் தாள் போதும். விடுதியும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும். 'விசா நிச்சயம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர்களிடம் போகாதீர்கள். அவர் நிரப்புவதும் நீங்கள் நிரப்புவதும் ஒரே விண்ணப்பம்தான்.

5. காப்பீடு: மலையில் விழுந்தால் யார் பணம் கட்டுவது?

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான சாதாரணப் பயணக் காப்பீடுகளில் சாகச விளையாட்டுக்கு விலக்கு உண்டு. சறுக்கு அதில்தான் வரும். சரிவில் கால் முறிந்தால் மீட்புக் குழு உங்களைக் கீழே கொண்டுவருவதற்கே ரசீது போடும். ஹெலிகாப்டர் வந்தால் சில ஆயிரம் யூரோ. அந்தச் செலவை விசாவுக்காக வாங்கிய மலிவுக் காப்பீடு ஏற்காமல் போகலாம்.

குளிர்கால விளையாட்டு சேர்ந்த காப்பீட்டையோ கூடுதல் இணைப்பையோ வாங்குங்கள். வாங்குமுன் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்பி, பதிலை எழுத்தில் பெறுங்கள். ஒன்று, குறியிட்ட சரிவில் பொழுதுபோக்காகச் சறுக்கினால் செல்லுமா? இரண்டு, மலை மீட்பும் ஹெலிகாப்டரும் சேருமா? மூன்று, நான் வேறொருவர்மேல் மோதினால் அவருக்கான பொறுப்பு சேருமா? தொலைபேசியில் 'எல்லாம் சேரும் சார்' என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

ஆஸ்திரியாவில் மலை மீட்பு எண் 140, பொது அவசர எண் 112. இரண்டையும் கைபேசியில் இப்போதே போட்டுவையுங்கள்.

6. விமானமும் ரயிலும்

இன்ஸ்புருக்குக்கே விமான நிலையம் உண்டு. ஆனால் சிறியது, சென்னையிலிருந்து போகிறவர்களுக்குச் செலவு கூடும், காற்றடித்தால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். மியூனிக் வழியே போவது எளிது. சென்னையிலிருந்து வளைகுடா நாடுகள் வழியாகவோ ஃபிராங்ஃபர்ட் வழியாகவோ போகலாம். ஃபிராங்ஃபர்ட்டில் மாறுவதானால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் நுழைவு, வெளியேற்றத்தைக் கணினியில் பதியும் புதிய முறை தொடங்கியிருப்பதால் முதல் முறை வருகிறவர்களுக்கு வரிசையில் கூடுதல் நேரம் ஆகிறது.

மியூனிக் விமான நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் கிழக்கு நிலையத்துக்கு வந்து, இத்தாலி பக்கம் போகும் விரைவு ரயிலில் ஏறினால் நேரே இன்ஸ்புருக். மியூனிக்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ்ஸும் உண்டு, ஆனால் சனிக்கிழமை சறுக்கு விடுதிகளில் ஆள் மாறும் நாள் என்பதால் நெடுஞ்சாலை திணறும். ரயிலையே சொல்வேன். பாதைப் பணியால் மாற்றம் இருக்கிறதா என்று முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவு ரயில் டிக்கெட்டில் ஒரு பொறி உண்டு. ஆஸ்திரிய ரயில்வேயின் ஷ்பார்ஷீனே டிக்கெட் முன்கூட்டி வாங்கினால் மிக மலிவு. ஆனால் அது குறித்த ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் தாமதமானால் டிக்கெட் போனது போனதுதான். போகும்போது விமானம் இறங்கி நான்கு மணி நேரம் கழித்து வரும் ரயிலுக்கு வாங்குங்கள், அல்லது சற்றுக் கூடக் கொடுத்து எந்த ரயிலிலும் ஏறும் டிக்கெட். திரும்பும்போது மலிவு டிக்கெட் தாராளமாக வாங்கலாம். அப்போது எல்லையில் ஜெர்மன் காவலர் ஏறிச் சோதிப்பது வழக்கம். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

வாடகைக் கார் வேண்டாம். பனிச் சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் மலை வளைவில் கற்றுக்கொள்ளக் கூடாது.

7. பள்ளி, வாடகைக் கருவி, பாஸ். வாங்கும் வரிசை முக்கியம்

நாங்கள் முதல் பயணத்தில் பாஸை முதலில் வாங்கினோம். தலைகீழ். முதலில் பள்ளி, பிறகு கருவி, கடைசியாகப் பாஸ்.

பள்ளியைப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே பதிந்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் குழு வகுப்பு எடுங்கள். தினம் நான்கு மணி நேரம், நடுவில் உணவு இடைவேளை. ஒருநாள் வகுப்பு தலைக்கு 100 யூரோவை ஒட்டி வரும்; மூன்று நாள் சேர்த்து எடுத்தால் நாள் கணக்கில் குறையும். தனி ஆசிரியர் வைத்தால் அதைப்போல் சில மடங்கு. பதியும்போது 'இதுவரை ஒருமுறைகூடச் சறுக்கியதில்லை' என்று எழுதுங்கள், ஆங்கிலத்தில் சொல்லித்தருகிற குழு வேண்டும் என்றும் கேளுங்கள். சிலர் கூச்சப்பட்டு 'கொஞ்சம் தெரியும்' என்று எழுதிவிட்டு முதல் நாளே அழுகிறார்கள். கணவனிடமோ நண்பரிடமோ கற்றுக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். விழுவதற்கும் எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது; அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

கருவியை நகரத்துக் கடையில் எடுக்காமல், பள்ளி இருக்கும் மலை அடிவாரத்திலேயே எடுங்கள். கட்டை, பூட்ஸ், ஊன்றுகோல் மூன்றும் சேர்த்து நாளுக்கு 30 முதல் 45 யூரோ; இணையத்தில் முன்பே பதிந்தால் குறையும். ஹெல்மெட் தனி. இன்ஸ்புருக் இருக்கும் டைரோல் மாநிலத்தில் அது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம், அதில் சிக்கனம் பார்க்கவும் வேண்டாம். அடிவாரக் கடையில் இரவு கருவியை வைத்துவிட்டு வரும் வசதி இருக்கும். சில யூரோதான். கட்டையைத் தோளில் சுமந்து பஸ்ஸில் ஏறி இறங்கும் துன்பம் தீர்ந்தது.

பூட்ஸ் இறுக்கமாகத்தான் இருக்கும். நின்றால் விரல்நுனி லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னுக்கு மடக்கினால் விரல் விலக வேண்டும். வலியைத் தாங்கிக்கொண்டு 'பரவாயில்லை' என்று வாங்கி வராதீர்கள். மறுநாள் மாற்றிக் கேட்டால் மாற்றித் தருவார்கள். காலுறை ஒன்றே ஒன்று, முழங்கால் வரை. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து தோல் உரியும். என் மகளுக்கு அதுதான் நடந்தது.

இப்போது பாஸ். பெரியவருக்கு ஒருநாள் பாஸ், மலையைப் பொறுத்து 45 முதல் 70 யூரோவும் அதற்கு மேலும். முதல் இரண்டு நாள் கற்கிறவருக்கு மலை முழுவதும் தேவையே இல்லை. பயிற்சிச் சரிவில்தான் நிற்பார். அந்தச் சரிவுக்கு மட்டும் மலிவு டிக்கெட் உண்டா, எந்த நாளிலிருந்து முழுப் பாஸ் தேவை என்று பள்ளியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். நேர்மையாகச் சொல்வார்கள்.

இன்ஸ்புருக்கில் சறுக்கையும் நகரத்தையும் ஒரே அட்டையில் சேர்த்த 'ஸ்கீ பிளஸ் சிட்டி' பாஸ் ஒன்று இருக்கிறது. நகரத்தைச் சுற்றியுள்ள மலைகள், ஷ்டுபாய், க்யூதாய், அவற்றோடு அருங்காட்சியகங்கள், நீச்சல் குளங்கள், நோர்ட்கெட்டே கேபிள் கார் எல்லாம் அதில் அடங்கும். அந்தக் கேபிள் காரில் ஏறி இறங்கத் தனி டிக்கெட்டே 40 யூரோவைத் தாண்டும். ஏற்கனவே சறுக்கத் தெரிந்து, தினம் ஒரு மலைக்குப் போகிறவருக்கு இது அருமையான ஏற்பாடு. புதியவருக்கு மூன்றாம் நாள் வகுப்பிலிருந்துதான் பயன். எனவே முதல் நாளே ஆறு நாளுக்கு வாங்கிவிடாதீர்கள். தொடர்ச்சியான நாள்களுக்கா, இடைவெளி விட்டும் பயன்படுத்தலாமா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

குறியிட்ட சரிவுகளின் நிறம்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முதல் பயணத்தில் நீலத்தைத் தாண்ட வேண்டாம். கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும்.

8. உடையும் உடம்பும்

ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், நனைந்தால் உலராது. உடலோடு ஒட்டும் வெப்ப உள்ளாடை, மேலே மெல்லிய கம்பளி, அதற்கு மேல் நீர் புகாத சட்டையும் கால்சட்டையும். வெளியுடையை விலை கொடுத்து வாங்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சென்னையிலேயே வாங்க வேண்டியவை: உள்ளாடை, காலுறை, நீர் புகாத கையுறை. கண்ணாடியும் வெயில் களிம்பும் கட்டாயம். பனியில் வெயில் இருமடங்காகத் திரும்பி அடிக்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்த எனக்கு இரண்டே நாளில் மூக்கு உரிந்தது.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யுங்கள். இதைச் செய்த பயணத்துக்கும் செய்யாத பயணத்துக்கும் என் முழங்காலே சாட்சி.

9. நாள்களை அடுக்கும் விதம்

சனி மாலை போய்ச் சேருங்கள். மளிகை அன்றே வாங்கிவிடுங்கள். ஞாயிறு நகரம்: தங்கக் கூரை, ஹோஃப்புர்க் அரண்மனை, வானம் தெளிவாக இருந்தால் நோர்ட்கெட்டே. சென்னைக்கும் அங்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். இந்த ஒரு நாள் உடம்புக்கும் வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் வகுப்பு. முதல் நாள் கருவி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், ஆகவே எட்டரைக்கே அடிவாரத்தில் இருங்கள்.

வியாழன் ஓய்வு. இதை வெட்டிவிட வேண்டாம். அன்று உடம்பு முழுவதும் வலிக்கும். ஆம்ப்ராஸ் கோட்டைக்கோ, வாட்டன்ஸில் உள்ள ஸ்வரோவ்ஸ்கி படிக உலகுக்கோ, வெந்நீர்க் குளத்துக்கோ போங்கள். வெள்ளி மறுபடி சறுக்கு, ஆசிரியர் இல்லாமல், கற்ற மலையிலேயே. சனி காலை மியூனிக், ஞாயிறு விமானம். இந்த அடுக்கில் மியூனிக்கில் ஒரு இரவு, இன்ஸ்புருக்கில் ஏழு.

இன்ஸ்புருக்கில் ஃப்யோன் (Föhn) என்று ஒரு வெப்பக் காற்று வீசும். அது பலமாக அடிக்கும் நாளில் மேல் இழுவைகள் ஓடாது. காலை ஏழு மணிக்கு மலையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். வெள்ளிக்கு அப்படி நேரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் வியாழனோடு மாற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். அதனால்தான் வெள்ளிக்கிழமைப் பாஸை முந்தைய நாளே வாங்க வேண்டாம் என்கிறேன்.

10. சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை, காசு

ஞாயிறு மளிகைக்கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையக் கடை மட்டுமே துணை. குழாய்த் தண்ணீர் மலை ஊற்று, தாராளமாகக் குடிக்கலாம். பாட்டிலுக்குப் பணம் தராதீர்கள். சமையலறை உள்ள அறை எடுத்தால் செலவு பாதியாகும். நாங்கள் அரிசியும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோனோம். பாலோ இறைச்சியோ சேர்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் அதில் அடங்கும்.

மலை உணவகத்தில் சைவம் கிடைக்கும்: பாலாடைக்கட்டி போட்ட கேஸஷ்பெட்ஸ்லே என்ற மாவுணவு வயிறு நிறைக்கும், ஆனால் மாவில் முட்டை சேர்ப்பார்கள். சூப்பில் மிதக்கும் பாலாடைக்கட்டி உருண்டையை மட்டும் விசாரித்துச் சாப்பிடுங்கள். உருண்டையில் இறைச்சி இல்லாவிட்டாலும் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் காய்ச்சியது. கைசர்ஷ்மாரன் என்ற இனிப்பு அப்பத்திலும் முட்டை உண்டு, திராட்சையை ரம்மில் ஊறவைப்பதும் உண்டு. உச்சியில் ஒரு வேளைச் சாப்பாடு தலைக்கு 15 முதல் 20 யூரோ. பையில் சப்பாத்திச் சுருள் இருந்தால் நல்லது.

பயண அட்டையில் யூரோ ஏற்றிக்கொள்ளுங்கள். 150 யூரோ ரொக்கமும் இருக்கட்டும். இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன் திறந்துவிடுங்கள். முழுப் பயணத்தையும் ஒரு நிறுவனத்திடம் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியை விலையோடு சேர்த்து முன்கூட்டியே பிடிப்பார்கள். அது இழப்பு அல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

11. திரும்பும் நாள்

வெள்ளி மாலை நான்கரைக்குள் இழுவைகள் நின்றுவிடும், கடை முன் வரிசை நீளும். மூன்றரைக்கே இறங்கிக் கருவியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாஸ் அட்டைக்கு முன்பணம் பிடித்திருந்தால் திரும்பக் கேட்டுப் பெறுங்கள்; அடிவாரத்து இயந்திரத்தில் அட்டையைச் செருகினால் காசு விழும். ஒரே கடையில் 75 யூரோவுக்கு மேல் ஏதாவது வாங்கியிருந்தால் வரித் திருப்பத் தாளை அந்தக் கடையிலேயே நிரப்பி வாங்கி, மியூனிக்கில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் முத்திரை பெறுங்கள். பெட்டி உள்ளே போய்விட்டால் பொருளைக் காட்டு என்பார்கள், காட்ட முடியாது.